கொஞ்சம் முடியல

எங்கள் காமயகவுண்டன்பட்டியில் யாரும் எடுத்த எடுப்பில் செத்துப்போவதில்லை. வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கு "கொஞ்சம் முடியல, உடனே கிளம்பி வாங்க" என்றுதான் சேதி போகும். அவர்கள் வந்து சேரும்வரை செத்தவரைப் பேச்சில் உயிரோடு வைத்திருப்பது வீட்டிலிருப்பவர்கள் பொறுப்பு.

தாத்தா போன அன்று காலையில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அம்மா கம்பம் மெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போயிருந்தாள். விஷயம் தெரிந்தால் அந்த மலைப்பாதையில் ஒற்றையாக எப்படி வந்து சேருவாள் என்பதுதான் மாமாவின் கவலை. அழுதழுது அவர் தொண்டை கட்டியிருந்தது.

"நான் பேசுனா கண்டுபிடிச்சிருவா. நீ பேசு ஆத்தா. தாத்தாவுக்குக் கொஞ்சம் முடியலைன்னு மட்டும் சொல்லு" என்று செல்போனை என் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்பது வயது. பொய் சொன்னதற்காக முந்தின வாரம்தான் அதே மாமாவிடம் அடி வாங்கியிருந்தேன்.

சொன்னேன். அம்மா பதறவில்லை. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"எதிர்வீட்டுல இட்லி குடுத்தாகம்மா. நம்ம வீட்டுல இன்னும் அடுப்புப் பத்தவைக்கல."

சாவு விழுந்த வீட்டில் எடுக்கும்வரை அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியாது. போனில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இருக்கேன் ஆத்தா. தாத்தாவப் பாத்துக்க. நான் வந்துர்றேன்" என்றாள் அம்மா.

மதியத்துக்கு முன்பே தெருமுனையில் ஜீப் வந்து நின்றது. அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. கையிலிருந்த பையில் கம்பத்தில் வாங்கிய பூமாலை. முடியாமல் கிடப்பவருக்கு மாலை எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் நானே உளறிவிடுவேன் என்று அடக்கிக்கொண்டேன்.

"தாத்தா எப்படி இருக்காக?" என்றாள்.

"கொஞ்சம் முடியலம்மா."

"சரித்தா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கையை விட்டாள். அப்புறம் அவள் போட்ட ஓலத்தில் தெருவே கூடிவிட்டது.

நான் கூட்டத்துக்குள் மாமாவைத் தேடிப் பிடித்தேன். "கடைசி வரைக்கும் நான் சொல்லவே இல்ல மாமா" என்றேன், பெருமையாக. அம்மாவும் எனக்காகக் கடைசி வரைக்கும் சொல்லாமல்தான் வந்தாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.