மெத்தைக் கிடங்கில் ஒரு பாட்டு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சிதம்பரம் அண்ணாச்சி காலமான செய்தி வந்தபோது, ஐம்பதைத் தாண்டிய நான் என் மனைவியின் புடவை அலமாரிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தேன். நம் வாசகர் வட்டத்துக்காக என் கட்டுரை ஒன்றைக் குரலில் பதிவு செய்துகொண்டிருந்தேன். துணிகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி வராது என்று சொல்லிக் கொடுத்தவரே அண்ணாச்சிதான். மனைவி அலமாரிக் கதவை அகலத் திறந்து, "வெளில வாங்கோ. அண்ணாச்சி போயிட்டாராம். நெஞ்சுவலி" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது. எதிரொலியே இல்லாமல், மிகத் துல்லியமாக.

சாலைக் கடைத்தெருவில் மெத்தை வாங்கிய உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நம் கூட்டங்களில் வரவேற்புரை முடிவதற்குள் தூங்கிவிடுபவர் என்று மற்றவர்களுக்கும் தெரியும். விற்கிற சரக்குக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது? எனக்கு அவர் சக தகப்பன். அவர் மகள் கோமதி கிட்டார், என் மகள் மீரா பாட்டு, இன்னும் இரண்டு வகுப்புத் தோழிகள் தாளமும் கீபோர்டும் என்று ஓர் இசைக்குழு தொடங்கியிருந்தார்கள்.

சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி, கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் கைபேசியில் பதிவு செய்தார்கள். கேட்டால், பேருந்து ஹாரன் பல்லவி பாடியது, பக்கத்து வீட்டு குக்கர் அனுபல்லவி எடுத்தது. மீராவின் குரல் கிணற்றடியிலிருந்து வந்தது. அவள் முகம் செத்துவிட்டது. "என் சத்தம் இவ்வளவு கேவலமா இருக்குன்னு யாருமே சொல்லலையே. நான் பாடலை. நீங்க வேற ஆளைப் பாத்துக்கோங்கோடீ" என்று விலகிவிட்டாள். அதன்பின் குளியலறையில்கூட முணுமுணுக்கவில்லை. ஓயாமல் பாடிக்கொண்டிருந்த பெண் வாயை மூடிக்கொண்டால் வீடு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணாச்சி வந்து அந்தப் பதிவைக் கேட்டார். "மோளே, குத்தம் உன் தொண்டையில இல்ல, முறியில, இந்த ரூமுல. வெறுஞ்சுவரு, கடப்பைக்கல்லு, எல்லாம் கூடச் சேந்து பாட்டுப் படிக்கி. சரக்கைக் குத்தம் சொல்லுமுன்னே வச்ச இடத்தைப் பாக்கணும்" என்றார்.

"சும்மா சமாதானம் சொல்லாதீங்கோ மாமா."

"சமாதானம் இல்ல. காமிச்சுத் தாரேன், பாரு."

இரண்டு தகப்பன்களும் ஒலிப்பதிவுச் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதனால் இருப்பதிலேயே பெரிய மிக்ஸர் முன் போய் நின்றேன். திருகுவதற்கு ஏராளமான குமிழ்கள், பச்சையும் சிவப்புமாய் விளக்குகள்.

"சாமி, பிள்ளைங்க பாட்டுப் படிக்கப் போகுதா, விமானம் ஓட்டப் போகுதா?" என்று அண்ணாச்சி என் கையைப் பிடித்து இழுத்தார். கடைக்காரரிடம் திரும்பி, "உங்க வீட்டுக் குட்டிக்குன்னா எதை எடுப்பீங்க?" என்றார். எந்தக் கடைக்காரரும் பொய் சொல்லத் தயங்குகிற கேள்வி அது. அவர் மிக்ஸரை விட்டுவிட்டு, கணினியோடு மைக்கை இணைக்கிற உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். "சேட்டா, தொடக்கத்தினு இது மதி" என்றார் மலையாளத்தில், ஆரம்பத்துக்கு இது போதுமென்று.

அண்ணாச்சி வயரை விரலிடுக்கில் வைத்து நூல் பார்ப்பது போல் தேய்த்தார். கடைக்காரர் பதறி, "சேட்டா, இது முண்டல்ல" என்றார்.

"அறியாம், வேட்டி இல்லன்னு தெரியும். எனக்கு இப்பிடித்தான் பாக்கத் தெரியும்."

பிறகு சாலைக் கடைத்தெரு வழக்கப்படி சாம்பிள் கேட்டார். வாசல் கதவைத் திறந்துபோட்டு, இரண்டு மைக்குகளில் மாற்றி மாற்றி, "அண்ணாச்சி பேசுதேன், கேக்குதா" என்று பேசிப் பதிவு செய்யவைத்தார். நான் ஆசைப்பட்ட விலை கூடிய மைக் தெருவில் போன லாட்டரிக்காரரின் குரலையும் வாரிக்கொண்டது. மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கிற சாதாரண மைக்கில் எதிரே நின்றவரின் குரல்தான் பெரிதாகக் கேட்டது. அதையே எடுத்தோம். கூடவே ஒரு ஸ்டாண்டு, உறுதியான வயர், காதை முழுசாக மூடுகிற ஹெட்போன். அவ்வளவுதான். அறைக்கு ஒட்டுகிற பஞ்சுப் பலகைகளைக் கடைக்காரர் காட்டியபோது அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பஞ்சை எனக்கா விக்கிறீரு?"

மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்த கிடங்கில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மைக் நின்றது. உள்ளே கை தட்டினால் சத்தம் கைக்குள்ளேயே செத்தது. கோமதி, "எடீ, ஒரே ஒரு தடவை. அது கழிஞ்சு நிர்பந்திக்க மாட்டேன்" என்று கெஞ்சியதால் மீரா பாடினாள். பாடிவிட்டு, "நான் கேக்க மாட்டேன்" என்று மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, தலையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் கேட்டார். கழற்றிவிட்டு, "கொள்ளாம், நல்லாருக்கு! எம் பிள்ளைக்கு என்ன சாரீரம்டே!" என்று கிடங்கு அதிரச் சொன்னார். மீரா முகத்தைத் தூக்கிப் பார்த்து, அத்தனை நாளுக்குப் பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொரு தடவை பாடட்டுமா மாமா?" என்றாள். அன்றிலிருந்து இன்றுவரை நிறுத்தவில்லை. பதினாறாம் நாள் அவர் படத்தின் முன்னும் அவள்தான் பாடினாள்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, சரக்கைக் குறை சொல்லுமுன் வைத்த இடத்தைப் பார்க்கச் சொன்ன அந்த வார்த்தையை. என் கட்டுரைக்கு யாரும் சிரிக்காதபோது அரங்கத்தின் மேல் பழிபோட அது மிகவும் உதவுகிறது. என் வீட்டில் இப்போது கேட்கிற பாட்டுக்கும் நான் அவருக்கே கடமைப்பட்டவன்.

நேற்று இதை மீராவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: அன்று மாமா மாட்டியிருந்த ஹெட்போனின் வயர் எதிலும் சொருகப்படாமல் அவர் மடியிலேயே கிடந்ததாம்.