பார்சல் கவுன்ட்டரில் உருகிய சாக்லேட்

பட்டுச் சேலை போகிற தபால் பையில் சாக்லேட்டையும் ஏற்றலாமா என்ற கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. நிறையப் படித்தவன் என்ற எண்ணம் வேறு அப்போது எனக்கு உண்டு. சின்ன காஞ்சிபுரம் தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டருக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அரக்கை உருக்கி வைத்த முத்திரைகளில் பாதி என் கட்டைவிரலில் விழுந்திருந்தன.

எழுபதுகளின் தொடக்கம், சித்திரை வெயில். முகூர்த்த காலம் என்பதால் வரிசை முழுக்கச் சேலை பார்சல்கள். நடுவில் தறிக்காரர் வீட்டு வசந்தா, துணி சுற்றித் தைத்த சின்ன டப்பாவோடு நின்றாள். உள்ளே வீட்டில் செய்த சாக்லேட். வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பிக்கு. சண்டையில் அவனுக்கு வலது கை போய்விட்டதாம்.

"இடது கையால துண்ண மாட்டேன்றான் சார். ஊட்ட வந்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறானாம். தட்டுல கை வெச்சாதானே கூச்சம்? இத சும்மா வாயில போட்டுக்கலாம்."

பின்னால் நின்ற பட்டுக் கடை ஆள் ரங்கன் விடவில்லை. அது உருகிச் சேலையில் பட்டால் கல்யாணப் பெண்ணுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்தார். தையலைப் பிரித்து ஒரு சாக்லேட் துண்டை ஜன்னல் கட்டையில் வைக்கச் சொன்னார். தபால் பையைக் கட்டும் வரை உருகாமல் இருந்தால் பார்சல் போகும் என்றார்.

வரிசை மொத்தமும் அந்தத் துண்டையே பார்த்தது. நான் ரகசியமாக அதன் கட்சி. அந்தக் கவனத்தில் ஒரு ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டினேன். முதலில் மூலைகள் மழுங்கின. அப்புறம் பளபளத்தது. அப்புறம் கட்டையோடு படுத்துவிட்டது. எறும்புகளுக்குத் தகவல் போன வேகம் எங்கள் இலாகாவுக்கு வராது.

"மாவா அனுப்புக்கா, அங்க அவரே கிண்டித் துண்ணட்டும்" என்றான் ரங்கன். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தா டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அப்படியேதான் கொண்டுவந்தாள். கோகோ, பால் பவுடர், பொடித்த சர்க்கரை எல்லாம் கலந்த தூள். நெய்யும் வெந்நீரும் அங்கே கேட்டு வாங்கிப் பிசைந்துகொள்ளச் சொல்லித் தம்பிக்குத் தனியாகக் கார்டு போட்டிருந்தாளாம். பிசையக் கை வேண்டுமே என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். போஸ்ட்மாஸ்டர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆடியில் அவள் இன்னொரு டப்பாவோடு மறுபடி வந்தாள். தம்பி என்ன சொன்னான் என்று முதலில் கேட்டவன் ரங்கன்தான்.

"பக்கத்து கட்டில்காரர் பிசைஞ்சி தரேன்னாராம். அவருக்குப் பக்குவம் தெரியலன்னு இவனே புடுங்கி, இடது கையாலயே பிசைஞ்சானாம். பாதி கீழ கொட்டிப்போச்சாம். மீதிய அந்தக் கையாலயே துண்ணுட்டு, சக்கரை கம்மின்னு என்னைத் திட்டி எழுத வெச்சிருக்கான்பா."

திட்டு வாங்கியவளின் முகமாக அது இல்லை.

செய்து முடித்த பொருளை உடையாமல், உருகாமல் கொண்டு சேர்ப்பதே பார்சல் வேலை என்று நினைத்திருந்தவன் நான். இப்போது கவுன்ட்டருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் வேறு மாதிரி சொல்கிறேன்: சிலருக்கு அனுப்பும்போது பாதி வேலையை அவர்களுக்கே விட்டுவைக்க வேண்டும். வசந்தா அதைத் தெரிந்து செய்தாளா, வெயிலுக்குப் பயந்து செய்தாளா என்று நான் கேட்கவில்லை. அன்று அவள் நீட்டிய டப்பாவைத் தராசில் வைத்தேன். போன தடவையைவிடக் கனமாக இருந்தது.