ரோம் வரை வந்த ரைஸ் குக்கர்

வேலு போய்விட்டான்.

குமரவேல். பெருந்துறைக்காரன். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில், ஒரு காலத்தில் என் ரூம்மேட். நேற்று காலை வாக்கிங் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம்... அவ்வளவுதான். அவன் மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

"சரிம்மா" என்றேன். "அம்மாவப் பாத்துக்கோ" என்றேன். போனை வைத்துவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் போய் உட்கார்ந்தேன். என் முறை வந்தபோது பேசவும் செய்தேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள்.

இன்னும் அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் போல.

2001. டாட்காம் கம்பெனிகள் வரிசையாக ஊத்திக்கொண்ட வருடம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் லேஆஃப். எச்-ஒன் விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"எப்படியும் ஊருக்குத்தான் போறோம். போற வழியில ஐரோப்பாவப் பாத்துட்டுப் போயிரலாம்டா. இனி நம்மள எவன் கூட்டிட்டுப் போவான்?" என்றான் வேலு.

கிளம்புவதற்கு முன் நியூஜெர்சியில் ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனிக்கு இரண்டு பேருமே போனில் இன்டர்வியூ கொடுத்திருந்தோம். மாதக் கடைசியில் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்கள். கிடைத்தால் சென்னையில் விசா ஸ்டாம்பிங் முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். கிடைக்காவிட்டால்... அதைப் பற்றி மட்டும் வழி முழுக்க நாங்கள் பேசவே இல்லை.

ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், வெனிஸ். ஆளுக்கு ஒரு பை முதுகில். அவன் பைக்குள் மட்டும் ஒரு ரைஸ் குக்கர். ஃப்ரீமான்ட்டில் எங்களுக்குச் சோறு போட்ட அதே குக்கர். "என்ற அம்மாளுக்குக் குடுக்கோணும்" என்று துண்டில் சுற்றி வைத்திருந்தான். ஈஃபில் டவர் போட்டோவில்கூட முதுகு புடைத்துக்கொண்டுதான் நிற்கிறான்.

ரோம்தான் கடைசி ஊர். அதற்குள் பிரெட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வர ஆரம்பித்திருந்தது. கொலோசியம் பார்த்துவிட்டு வந்த மத்தியானம், வேலு குக்கரை வெளியே எடுத்தான். "இன்னைக்குச் சோறு திங்காம இங்கிருந்து நகர மாட்டேன்டா."

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அரிசி கிடைத்தது. பிளக்கில் ஒரு அடாப்டரை மாட்டி சுவிட்சைத் தட்டினான்.

டப்.

எங்கள் ரூமில் மட்டுமில்லை, அந்த லாட்ஜ் முழுக்க கரண்ட் போய்விட்டது.

அமெரிக்கக் குக்கருக்கு நூற்றுப்பத்து வோல்ட். அங்கேயோ நம்மூர் மாதிரி அதற்கு இரண்டு மடங்கு. நல்லவேளை, குக்கர் எரிவதற்குள் ஃபியூஸ் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேருமே எலக்ட்ரிகல் இன்ஜினியர்கள். தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள்.

லாட்ஜ்கார அம்மா மாடியேறி வந்து இத்தாலிய மொழியில் கிழி கிழி என்று கிழித்தார். வேலு குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சாரிங்க... தெரியாமப் பண்ணிட்டமுங்க" என்றான். அந்த அம்மா ஊறிய அரிசியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கீழே கூட்டிப்போய் கேஸ் அடுப்பைக் காட்டினார்.

குழைந்துபோன சோறு. மிச்சமிருந்த எலுமிச்சை ஊறுகாய். வேலு சட்டியை வழித்துச் சாப்பிட்டான்.

சாப்பிட்டதும் தெருமுனை பூத்துக்குப் போய், காலிங் கார்டு போட்டு நியூஜெர்சிக்குப் பேசினேன். ஒரே ஒரு பொசிஷன்தான் இருக்கிறது, அது உனக்கு என்றார்கள். வேலுவைப் பற்றிக் கேட்டேன். ரெஸ்யூமேவை வைத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

பூத்துக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு வந்துருச்சா?"

"ம்."

"எனக்கு?"

காலிங் கார்டை பர்ஸுக்குள் செருகினேன்.

"செரி, உடு" என்றான். பக்கத்திலேயே ஒரு தெருக்குழாய். குனிந்து முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். நான் அவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பேக் பண்ணும்போது குக்கரை எடுத்து என் பைக்குள் திணித்தான்.

"டேய், அம்மாவுக்குன்னு சொன்னே?"

"ஊர்லயும் இதே கரண்ட்தான்டா. அங்கயும் டப்புன்னு போயிரும். அமெரிக்கா போறவன் நீதான். நீயே வெச்சுக்க."

சென்னை வரை ஃப்ளைட்டில் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டே வந்தான். நானும்தான்.

அப்புறம் அவன் அமெரிக்கா பக்கம் வரவே இல்லை. ஈரோட்டில் இன்வெர்ட்டர் கடை போட்டான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், ஒரு மகள். எப்போது போன் பண்ணினாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "குக்கர் ஓடுதா?"

வேலை எப்படி இருக்கிறது, கிரீன் கார்டு வந்ததா... ஒருநாளும் கேட்டதில்லை. "ஓடுதுடா" என்பேன். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

மூடி மாற்றினேன், வயர் மாற்றினேன். "டாட், ஜஸ்ட் த்ரோ இட்" என்று என் பையன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வீட்டில் யார் பேச்சும் எடுபடாது.

நேற்று போனை வைப்பதற்கு முன் வேலுவின் மகள் கேட்டாள். "அங்கிள்... அப்பா சொல்லிட்டே இருப்பாரே, அந்தக் குக்கர்... இன்னும் இருக்கா?"

"இருக்கு கண்ணு."

இன்று மத்தியானம் அதில் சாதம் வைத்தேன். ஃப்ரீமான்ட் பழக்க தோஷம், இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன். வெந்ததும் கிளிக் என்று சுவிட்ச் மேலே வந்தது. நான் இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

ஓடுதுடா வேலு.

போயிட்டு வா.