ஒஸெல்லா வாயை மூடிய ஞாயிறு

அமெரிக்கக் கறுப்பர்களான எங்கள் சபையில் பிரசங்கம் எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பவர் பாஸ்டர் மோஸ்லி அல்ல, இரண்டாவது வரிசையில் உட்காரும் ஒஸெல்லாதான். பாஸ்டர் ஒரு வரி சொல்லி மூச்சு வாங்கினால் போதும், "அவசரமில்லய்யா, நிதானமா சொல்லுங்க" என்று குரல் கொடுப்பாள். எல்லா வரிசையிலிருந்தும் ஆமென் கிளம்பும். பாஸ்டரும் நிதானமாகத்தான் சொல்வார். நோவா பேழையை விட்டு இறங்குவதற்குள் பாடகர் குழுவில் நிற்கிற எங்களுக்குக் கால் மரத்துவிடும். இருபது வருடமாக நான் அனுபவிக்கிற கொடுமை இது.

ஒஸெல்லா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடி வழியாக ஒரே முறைப்பில் அடக்கியவள். அவளால் அடக்க முடியாமல் போனது கணவர் ரூஃபஸின் சர்க்கரை நோயை மட்டும்தான். முதலில் அவர் கால் போனது, பிறகு அவரே போனார். கீரை, காய் நிறையக் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் பேட்டையில் இருந்த ஒரே மளிகைக் கடையையும் அதற்குள் மூடியிருந்தார்கள். பெட்ரோல் பங்கில் சிப்ஸ் கிடைக்கும். கீரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

ரூஃபஸை அடக்கம் செய்த பிறகு அவள் ஒரு காரை இரவல் வாங்கிக்கொண்டு பண்ணை பண்ணையாக அலைந்து, லின்வுட் என்ற விவசாயியைப் பிடித்து வந்தாள். தாத்தா காலத்து நிலத்தை இன்னும் விட்டுக்கொடுக்காத கறுப்பர்களில் ஒருவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வாசலிலேயே விற்பனை என்று ஏற்பாடு.

முதல் மூன்று வாரமும் ஆராதனை முடிய மத்தியானம் ஒன்றரை ஆனது. வட கரோலினாவின் ஜூன் வெயிலில், வண்டியிலிருந்த கொலார்டு கீரை துவண்டு கிடந்தது. சபையார் தொட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, பொரித்த கோழி விற்கும் கடைக்கு நடையைக் கட்டினார்கள். லின்வுட் கோபப்படவில்லை. "அடுத்த ஞாயிறு ஒரு தடவ வந்து பாக்குறேன்க்கா. அதுவும் வாடிப்போச்சுன்னா என்னால முடியாது" என்றார்.

தப்பு யார் மேல் என்று நான் சொல்லித்தான் ஒஸெல்லாவுக்கு உறைத்தது. சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

நான்காம் ஞாயிறு அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்டர் ஒரு வரி சொல்லி நிறுத்தினார். சத்தமே இல்லை. பிரசங்கம் எடுபடவில்லையோ என்று அதையே இன்னும் உரக்கச் சொன்னார். அதற்கும் ஒன்றுமில்லை என்றதும் அவர் முகம் மாறியது. சகோதரிக்கு உடம்பு சுகமில்லை, எல்லோரும் எழுந்து ஜெபிப்போம் என்றார். எங்கள் சபையில் சின்ன ஜெபம் என்பதே கிடையாது. ஒரு மூப்பர் முடிக்க இன்னொருவர் பிடித்துக்கொண்டார். சபையில் மயங்கி விழுபவர்களைக் கவனிக்கும் வெள்ளைச் சீருடைப் பெண்கள் இருவர் ஓடி வந்து ஒஸெல்லாவுக்கு விசிறினார்கள். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது.

ஒஸெல்லா விசிறியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல பாஸ்டர். வெளிய வண்டில கீரை சாகுது. ரூஃபஸுக்கு நான் ஆக்கிப்போட முடியாமப் போன கீரை."

பாஸ்டர் வேதாகமத்தை மூடினார். காணிக்கைத் தட்டைக்கூட மறந்து, அங்கியோடு வாசலுக்கு நடந்தார். பின்னாலேயே நாங்களும் போனோம்.

வெளியே லின்வுட் பனியனோடு நின்றிருந்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் சட்டையும் தண்ணீரில் நனைந்து கீரையை மூடியிருந்தன. அடியில் இலைகள் விறைப்பாகவே இருந்தன. பாஸ்டர் நான்கு கட்டு எடுத்தார். அரை மணியில் வண்டி காலி.

லின்வுட் கோட்டைப் பிழிந்துகொண்டே, "அடுத்த வாரம் வெண்டைக்காயும் கொண்டாரட்டுமாக்கா?" என்று கேட்டார்.

கொண்டு வரச் சொல்லிவிட்டு, தனக்கென்று எடுத்து வைத்திருந்த கட்டை ஒஸெல்லா கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒத்த ஆளுக்கு இது ஜாஸ்திடி. நீயும் வா."

போனேன். ரூஃபஸ் இறந்த பிறகு அந்த மேசையில் இரண்டு தட்டு வைத்தது அன்றைக்குத்தான்.