மண்ணுக்கு எதற்கு டிக்கெட்

சிறுகோள்களிலிருந்து உலோகம் எடுப்பதைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தில் உருப்படியான அத்தியாயம் ஒன்றுதான். அதுவும் என்னுடையது அல்ல.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். டவுனில் வாடகை கட்டுப்படியாகாமல் பூம்பாறையில் குடியிருக்கிறேன். காலையில் கூக்காலிலிருந்து வரும் பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. நான் ஏறும்போது உட்கார இடம் இருக்காது. கூக்காலிலேயே ஏறிவிடும் ஒரு அக்கா, பூண்டு மூட்டையைக் காலால் தள்ளி எனக்கு இடம் விடுவார். நாலு வருஷமாக அப்படித்தான். அவர் என்னை சார் என்பார், நான் அக்கா என்பேன்.

சிறுகோளில் இரும்பு, நிக்கல், பிளாட்டினம் எல்லாம் கிடக்கிறது என்று எழுதுவது சுலபம். எப்படிக் கொண்டுவருவது என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பாறையை அப்படியே ஒரு பெரிய பையில் போட்டு இழுத்து வருவது, நிலாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வெட்டுவது, ரோபோவை அனுப்பி அங்கேயே தோண்டுவது என்று ஆளாளுக்கு ஒரு உத்தி சொல்லியிருந்தார்கள். குறிப்பெடுத்ததுதான் மிச்சம். எது தேவலை, ஏன் தேவலை என்று எனக்கே பிடிபடவில்லை.

ஒருநாள் அக்கா, “என்ன சார், மூஞ்சி ஏன் உம்முன்னு இருக்கு?” என்றார். எரிச்சலில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“மேல கெடக்குறதையும் விட்டுவைக்க மாட்டீங்க போல,” என்று சிரித்தார். பிறகு மூட்டையைத் தட்டிக் காட்டினார். “கல்ல முழுசா எதுக்கு சார் தூக்கியாரணும்? புடுங்குன எடத்துலயே மண்ணத் தட்டி, தாள அறுத்து, காயப்போட்டுத்தான நாங்க மூட்ட கட்டுறோம். மண்ணுக்கும் ஈரத்துக்குமா லக்கேஜ் டிக்கெட் எடுக்க முடியும்?”

“அறுத்த தாளு?”

“அது அங்கனயே கெடக்கும். மக்கி, அடுத்த வெள்ளாமைக்கு உரமாயிரும். டவுனுக்குக் கொண்டாந்து என்ன செய்ய?”

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. அங்கேயே பிரித்தெடுக்க வேண்டும். தண்ணீரும் இரும்பும் அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் எரிபொருளாகும், இரும்பு அங்கே கட்டுவதற்கு ஆகும். சுமைகூலிக்குத் தாங்கும் பிளாட்டினம் மாதிரியான சரக்கு மட்டும் பூமிக்கு வரட்டும். மூன்றே நாளில் அத்தியாயம் முடிந்தது.

அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸில் வாயை விட்டேன். “அக்கா, நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன். ஞாயித்துக்கெழம டவுன் ஹால்ல பேசுறேன். உங்களப் பத்தியும் சொல்லுவேன், வாங்க.” வருவார் என்று நினைத்துச் சொல்லவில்லை. சும்மா ஒரு பெருந்தன்மை.

வந்துவிட்டார். பூண்டெடுக்கும் சோலியைப் போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பூண்டுப் படத்தைத் திரையில் போட்டு, மண்ணுக்கு எதற்கு டிக்கெட் என்று கேட்டதும் சபை சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் எழுந்து, “ரொம்ப அருமை. இந்த யோசனை யாருடையது?” என்று கேட்டார்.

பின்னால் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அதோ அங்கே இருக்கிறாரே என்று கையைக் காட்டியிருக்கலாம். பெயர் தெரியாத அசிங்கத்தை மறைக்கத்தான் அப்படிச் செய்யவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்த ‘அருமை’ எனக்கு இனித்தது. பங்குபோட மனசு வரவில்லை.

“பஸ்ஸில் வரும்போது எனக்குத் தோன்றியது,” என்றேன்.

கூட வந்த பெண்கள் இருவரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்து மடியிலிருந்த பையின் சுருக்கை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

கூட்டம் முடிந்து வாசலில் அவரைப் பிடித்தேன். நான் பேசுவதற்குள் பையை என் கையில் கொடுத்தார். “மேடையில இருக்குறவுகளுக்குக் குடுங்கன்னு கொண்டாந்தேன். நல்லாப் பேசுனீங்க சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு.” உள்ளே பூண்டு, ஒரு பொட்டு மண் இல்லாமல். அதை யாருக்கும் கொடுக்கவும் இல்லை, சமைக்கவும் இல்லை. முளைவிட்டு வீணாய்ப் போனது.

ஒரு வாரம் டவுனில் நண்பர் வீட்டில் தங்கிப் பள்ளிக்குப் போனேன். அப்புறம் ஒளிய இடமில்லை. புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும், நன்றிப் பக்கம் பாக்கி இருந்தது. பஸ் ஏறி அவர் முன்னால் நின்றேன்.

“அக்கா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. புத்தகத்துல உங்க பேரைப் போடணும். உங்க பேரு என்னக்கா?”

“எம்பேரு எதுக்கு சார்? பஸ்ஸுல வரும்போது உங்களுக்குத் தோணுனதுதான?”

கோபமே இல்லாத குரல். கண்டக்டருக்கு அவர் பெயர் தெரியும். கேட்டுப் போட்டுவிடலாம்தான். அவர் தர மறுத்ததை வேறொருவரிடம் வாங்கிப் போட்டால், அது இரண்டாவது திருட்டு.

பஸ் வளைவில் திரும்பியது. அக்கா வழக்கம்போல மூட்டையைக் காலால் தள்ளி இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.