சனிக்கிழமை வகுப்புக்கு ஓர் ஆசிரியர்

என் மகளுக்குக் காது கேட்காது என்று வைத்தியர் உறுதியாகச் சொன்னபோது அவளுக்கு நான்கு வயது. அதன்பின் வீட்டில் நாங்களே ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டோம். சோற்றுக்கு வாயைத் தொடுவது, உறக்கத்துக்குக் கன்னத்தில் கை வைப்பது. அவள் வளர வளர அது போதாமல் போயிற்று. எதையோ சொல்ல வருவாள், எனக்கு விளங்காது. கதிரையை உதைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணனுக்கும் அப்படியொரு மகன் இருப்பது கிளினிக்கில்தான் தெரியவந்தது. கடையின் மேல்மாடி அறையைச் சனிக்கிழமைகளில் எங்களுக்குத் திறந்துவிட்டவர் அவர்தான். பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஆசிரியரைத் தேடிப்பிடித்தவரும் அவரே. ஆசிரியர் பிறவியிலேயே காது கேளாதவர், சைகை மொழியை முறையாகப் படித்தவர். சிங்களக் குடும்பம். அவருக்குத் தமிழ் தெரியாதது எங்கள் யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. பிள்ளைகளோடு பெற்றோரும் பாயில் உட்கார்ந்து படித்தோம். ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய், அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் மகனோடு வந்துவிடுவாள்.

சில மாதங்கள் அப்படிப் போயின. பிறகு தொழிற்சாலையில் சனிக்கிழமை ஓவர்டைம் தொடங்கியது, ஆசிரியர் வருவது எப்போதாவது என்றாகிவிட்டது. ஆசிரியருக்கும் குடும்பம் இருந்தது. அந்த வருமானத்தை விட்டுவிட்டு எங்களிடம் சும்மா வரச்சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எங்கேயாவது உதவித்தொகை கேட்டுப் பார்ப்போம் என்று பேச்சு வந்தது. நான் மாநகர சபையில் கோப்பு எழுதும் லிகிதராக இருப்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் விண்ணப்பத்தில் வலுவூட்டல், நிலைபேறான அபிவிருத்தி என்று இணையத்தில் பார்த்த பெரிய சொற்களையெல்லாம் போட்டேன். இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். அடுத்தது கொழும்பிலுள்ள ஒரு நிதியம். அவர்களிடமிருந்து நல்ல பதில் வந்தது. கணினிகள், பெரிய திரை, கேமரா எல்லாம் தருவார்களாம். ஆனால் சம்பளத்துக்கோ பயணச் செலவுக்கோ ஒரு சதமும் தர விதியில் இடமில்லையாம்.

ஓவர்டைம் இல்லாமல் ஆசிரியர் வந்திருந்த ஒரு சனிக்கிழமை அதைப் பற்றித்தான் பேசினோம். "மொதல்ல தாரத எடுப்போம், பொறகு பாப்போம்" என்றார் நானா. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் இனி நம்மை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. விஷயத்தை ஆசிரியருக்குச் சைகையில் சொன்னோம். அவர் அறையைச் சுற்றிப் பார்த்து, திரை இங்கே, மேசை அங்கே என்று காட்டிவிட்டு, அப்புறம் நாமெல்லாம் படிக்கட்டிலா உட்காருவது என்று கேட்டார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானாவும் சிரித்துவிட்டார்.

அன்றே எழுதினேன். இம்முறை பெரிய சொல் ஒன்றும் போடவில்லை. பொருட்களுக்கு நன்றி, எங்களுக்குத் தேவை ஆசிரியர் ஒருவர், அவர் இல்லாமல் கணினியை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்று மட்டும் எழுதினேன்.

பல வாரங்கள் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் மதிய இடைவேளையில் தொலைபேசி அழைப்பு வந்தது. யாழ்ப்பாணப் பேச்சில் ஒரு பெண் அதிகாரி. "உங்கட கடிதத்தை வாசிச்சனான். இப்பிடி ஆரும் வேண்டாமெண்டு எழுதினதில்லை. ஒருக்கா வந்து பாக்கலாமோ?" என்று கேட்டார்.

அவர் வந்த சனிக்கிழமை ஆசிரியர் லீவு போட்டுவிட்டு வந்தார். அதிகாரி கதிரை வேண்டாமென்று பாயிலேயே உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும், இங்கே வந்து கண்ட பலன் என்ன என்று தோட்டத்துத் தாயிடம் விசாரித்தார். அவள் மகனின் தலையைத் தடவினாள்.

"போன மாசம் ஒரு நாள் காலையில எந்திரிச்சு, கனவு கண்டேன்னு கையால சொன்னான் மிஸ். ஆத்துல மீன் பறந்துச்சாம். இவனுக்குக் கனவு வரும்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

அதிகாரி எதுவும் எழுதவில்லை. கையிலிருந்த பேனையை மூடி வைத்துவிட்டார்.

புறப்படும்போது என்னைத் தனியே அழைத்து, "பொய் சொல்ல விருப்பமில்லை. எங்கட நிதியில சம்பளத்துக்கு வழியில்லை" என்றார். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. ஆசிரியர் கொடுப்பனவுக்கென்றே சிறு தொகை தரும் வேறொரு அமைப்பு இருப்பதாகவும், தானே சிபாரிசு எழுதுவதாகவும், அதற்குள் எங்களை ஒரு சங்கமாகப் பதிவு செய்துவிடும்படியும் சொன்னார்.

பதிவுக்கு ஒரு தலைவர் வேண்டியிருந்தது. எல்லோரும் ஆசிரியரையே கை காட்டினோம். பிரதேச செயலகத்தில் தலைவர் யார் என்று கேட்டபோது அவர் கையை உயர்த்தினார். உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்டதையெல்லாம் நானா சைகையில் சொல்ல, ஆசிரியரின் பதிலை நானா சிங்களத்தில் சொன்னார். ஓரிடத்தில் நானாவின் விரல்கள் தடுமாற, ஆசிரியர் பொறுமையாக அவருடைய கையைப் பிடித்துத் திருத்திவிட்டார். உத்தியோகத்தர் அதைப் பார்த்துச் சிரித்து, தமக்கும் ஒரு வணக்கம் சொல்லக் கற்றுத்தரும்படி கேட்டார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னே உதவி கிடைத்தது. பெரிய தொகை அல்ல. ஆசிரியர் ஓவர்டைமை விட்டுவிட்டுச் சனிக்கிழமைகளில் வரவும், தூரத்திலிருந்து வருபவர்களின் பஸ் செலவுக்கும் போதுமாக இருந்தது. அது ஓராண்டுக்குத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் நாங்கள் மூன்று இடங்களுக்கு எழுதிவிட்டோம். ஓரிடத்தில் மறுத்துவிட்டார்கள். இன்னோரிடம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டது. மூன்றாவது இடத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

தோட்டத்துத் தாய் இப்போது முன்போல ஒவ்வொரு வாரமும் இறங்கி வருவதில்லை. அங்கே தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அறை கேட்டு வாங்கியிருக்கிறாள். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நாலைந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஆசிரியர் மாதமொருமுறை மேலே போய்வருகிறார். போன தடவை என் மகளும் கூடப் போனாள். திரும்பி வந்தவள் உடுப்பைக்கூட மாற்றாமல் குசினியில் என்னை நிறுத்தி, அங்கே ஒரு சின்னப் பிள்ளைக்கு அந்தப் பிள்ளையின் பெயரைச் சைகையில் சொல்லத் தான் எப்படிக் கற்றுக்கொடுத்தாள் என்பதை நெடுநேரம் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நான் போய் இறக்கவில்லை.