கீழ் டிவிஷனுக்குத் தண்ணீர் விட்டவர்

தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிஷன் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. இரு பக்கமும் தேயிலைச் சரிவு செங்குத்தாக ஏறும். நடுவில் ஒடுங்கிய ஏரி, கரையில் தொழிலாளர்களின் இரண்டு வரிசை லயன் வீடுகள், ஒரு கோயில், மணியம்மாவின் மளிகைக்கடை. காலை வெயில் மலையைத் தாண்டி உள்ளே வர நேரமாகும்; மத்தியானம் கழிந்ததும் எதிர்மலை மறைத்துவிடும். துவைத்த துணி சீக்கிரம் காயாது. வெளியே போக ஒரே சாலை. பெரிய மழை வந்தால் அதையும் மண் மூடிவிடும்.

ஏரித் தண்ணீர் வெறும் சேறு. குடிதண்ணீர் மேலே காட்டோடையிலிருந்து குழாயில் இறங்கி வரும். அதைப் பார்த்துக்கொண்டவர் ஹரிதாஸ். தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலையில் இருந்தபோது யாரோ ஒருநாள், "நீ கொஞ்சம் போய்ப் பாரேன்" என்றார்கள். போனார். அதோடு அது அவர் வேலையாகிவிட்டது. மேல்சரிவுகளைக் காய்கறி போட வெட்டத் தொடங்கியபின், மழைக்கு மழை குழாய்வாயை மண் அடைத்தது. ஒவ்வொரு தடவையும் மண்வெட்டியோடு ஏறினார். அறுபதை நெருங்கியபோது வலது முழங்கால் மடங்க மறுத்தது.

போன நவம்பரில் விடாமல் மழை பெய்து குழாய் நின்றது. மழை வெறித்ததும் ஹரிதாஸ் ஏறினார். பாதை பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்குமேல் சரிவே கழன்று விழுந்திருந்தது. ஓடைத் தண்ணீரைத் தேக்கிய தொட்டி இல்லை, குழாய் இல்லை, மரங்கள்கூட இல்லை. சிவப்பு மண் மட்டும். ஒரு கல்லில் உட்கார்ந்தார். இனி ஏற வேண்டாம் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. உடம்பே லேசானது. பிறகு அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

கீழே மணியம்மா காத்திருந்தாள். "ஹரிதாசு, தண்ணி எப்ப வரும்?"

"வராதுக்கா. மேல ஒண்ணுமே இல்ல. எல்லாம் போச்சு."

தோட்டத்து லோரி தண்ணீர் கொண்டுவந்தது. ஹரிதாசும் வாளியோடு வரிசையில் நின்றார். அந்தச் சிரமத்தைச் சொல்லியே இரண்டு குடும்பங்கள் ஈப்போ நகரத்துக்குக் கிளம்பிவிட்டன. சில வாரம் கழித்து, இன்னும் உயரத்தில் இருந்த வேறோர் ஓடையிலிருந்து புதுக்குழாய் போட்டார்கள். தோட்ட அலுவலகத்துக் கிராணி சுகுமாரன் ஹரிதாஸைத் தேடி வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, நீங்கதான் பாத்துக்கணும். மேனேஜர் துரையே சொல்லிட்டாரு."

"முடியாது லா, தம்பி."

"ஒங்களுக்குத்தானே அண்ணே மலை தெரியும்?"

"தெரியும். கால் வரமாட்டேங்குது."

ஹரிதாஸின் மனைவி ருக்குமணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சுகுமாரன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வேலை ஒரு நேப்பாளத் தொழிலாளிக்குப் போனது. அவனுக்குக் கொழுந்து எடுக்கும் வேலையும் இருந்ததால், குழாய் அடைத்தால் உடனே ஏற முடியவில்லை. சில நாள் லயன் வீடுகளில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அப்படி ஒருநாள் ஹரிதாஸ் ரொட்டி வாங்கப் போனபோது, மணியம்மா யாரிடமோ உரக்கச் சொன்னாள்: "சும்மா வீட்லதான ஒக்காந்திருக்காரு. ஏறிப் பாத்தா என்னவாம்?"

இத்தனை வருஷத்தில் அவள் அவரை இப்படிப் பேசியதில்லை. காதில் விழாதவர்போல ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள் ருக்குமணி.

"ஒண்ணுமில்ல. சோறு போடு."

சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விழித்தபோது வெளியே மழைச் சத்தம். மழை என்றால் மலையேறிய பழக்கத்தில் கால் தரையைத் தேடியது. எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தடவிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடியும் படுத்தார்.